சொல் இல்லாத பாட்டும் நான்கு சுவர்களும்

பாட்டு என்றவுடன் சொல்லைத் தேடுவது நம்மவர் இயல்பு. கோயில் வீதியில் நாதஸ்வரம் ஒலிக்கும்போதும், வானொலியில் வீணை ஒலிக்கும்போதும், தெரிந்த கீர்த்தனையாயின் அதன் சாகித்தியத்தை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் கேட்கிறோம். வாத்தியம் இசையைத் தருகிறது. சொல்லை நாம் இட்டு நிரப்பிக்கொள்கிறோம். ஆனால் முன்னர் ஒருவரும் பாடியிராத, சாகித்தியமே இல்லாத, முற்றிலும் புதியதோர் இசையை ஒருவர் கிற்றாரில் அமைத்து நம் முன் வைத்தால் என் செய்வோம்? அங்கே இட்டு நிரப்பச் சொல் இல்லை. கம்பியும் விரலுமே பேசவேண்டும். பேசத் தெரியாவிடின் மூன்று நிமிட இசை மூன்று மணி நேரமாகத் தோன்றும். பேசத் தெரிந்தாலோ, மொழி அறியாதவனும் நின்று கேட்பான்.

இவ்வாரம் அத்தகைய இசையைப்பற்றி, அதிலும் ரொக் இசை எனப்படும் மேலைநாட்டு முறையில் மின்கிற்றாரைக் கொண்டு வீட்டின் ஓர் அறையிலேயே அதனை இயற்றி ஒலிப்பதிவு செய்வதுபற்றிச் சில சொல்ல விழைகிறோம். முந்தலிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். முன்பெல்லாம் ஓர் இசையைப் பதிவு செய்ய விரும்பும் இளைஞன் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பிறருடைய கூடத்தில் நிற்கவேண்டியிருந்தது. இன்று ஒரு கணினியும், கைக்கடக்கமான ஒரு பெட்டியும், ஒரு ஹெட்போனும் இருந்தால் அவன் படுக்கும் அறையே கூடமாகிவிடுகிறது. இது பெரிய மாற்றம். இம்மாற்றத்தைக் கண்டு பிள்ளைகள் மகிழ்கின்றனர். பெற்றோர் சிலர் கலங்குகின்றனர். "கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் என்னதான் செய்கிறான்?" என்று கேட்கும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண்பதற்கு முன், வீட்டறையில் இசை பதிவு செய்யும் வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்பதைச் சற்று நோக்குவோம்.

வீடே கூடமான கதை

இவ்வழக்கத்தின் முன்னோடி என யாவரும் ஒப்புக்கொள்பவர் அமெரிக்கக் கிற்றார் வித்துவானாகிய லெஸ் பால். 1915ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து வோகெஷா என்னும் ஊரிற் பிறந்து 2009ஆம் ஆண்டில் மறைந்தவர். ஹொலிவூட்டிலிருந்த தம் வீட்டின் கார்க் கொட்டகையை அவர் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார். இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்துக்குக் கனமும் சமநிலையும் உள்ள சுழல்தட்டு வேண்டியிருந்தபோது, கடிலாக் மோட்டார் வண்டியின் இயந்திரச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். கையிலுள்ளதைக் கொண்டு காரியம் முடிப்பவனே கலைஞன் என்பதற்கு இது நல்ல சான்று.

அக்கொட்டகையில் உருவாகி 1948இல் வெளிவந்ததே "லவர்" என்னும் கிற்றார் இசை. அதில் எட்டுக் கிற்றார்கள் ஒலிக்கின்றன. எட்டையும் வாசித்தவர் ஒருவரே! எவ்வாறெனின், முதலில் ஒரு பகுதியை ஒரு தட்டில் பதிவு செய்வார். பின்னர் அத்தட்டை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து இரண்டாம் பகுதியை வாசிப்பார். இரண்டும் சேர்ந்த ஒலி இன்னொரு தட்டில் ஏறும். இப்படியே அடுக்கடுக்காக எட்டு. சில பகுதிகளைப் பாதி வேகத்தில் வாசித்துப் பதிந்து, முழு வேகத்தில் ஓடவிட்டார்; அப்போது விரைவும் இரட்டித்தது, சுருதியும் ஒரு ஸ்தாயி உயர்ந்தது. இம்முயற்சியில் எறியப்பட்ட தட்டுகள் நூற்றுக்கணக்கானவை.

பிங் குரொஸ்பி என்னும் புகழ்பெற்ற பாடகர், 1949ஆம் ஆண்டளவில் அவருக்கு ஓர் அம்பெக்ஸ் ஒலிநாடா இயந்திரத்தைப் பரிசளித்தார். லெஸ் பால் அதில் இன்னொரு தலைப்பகுதியைப் பொருத்தச் செய்து, முன்பு பதிந்த ஒலியின்மேலேயே புதிய ஒலியையும் சேர்த்துப் பதியும் வழியைக் கண்டார். இதில் ஓர் ஆபத்து இருந்தது. புதிய அடுக்குப் பதியும்போதே பழைய நாடா அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் ஒரு விரல் பிசகினால் முதல் ஒன்பதும் போயின. மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டும். அவரும் அவர் மனைவியாராகிய மேரி போர்டும் நியூயோர்க்கில் தாம் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் இம்முறையால் பதிந்த "ஹவ் ஹை த மூன்" என்னும் பாட்டு 1951இல் ஒன்பது வாரங்கள் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது.

மாணவர்கள் இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். அழிந்தால் மீளாது என்னும் நிலையில் வேலை செய்த மனிதர், கையை வைப்பதற்கு முன்பே முழு இசையையும் மனத்தில் கட்டி முடித்திருந்தார். அடுக்கு ஏற ஏறப் பழைய ஒலி மங்கும் என்பதையும் அவர் அறிவார். ஆகவே முக்கியம் குறைந்த பகுதிகளை முதலிலும், தலைமைப் பகுதியைக் கடைசியிலும் பதிந்தார். எது முக்கியம், எது துணை என்ற தெளிவு இல்லாதவனால் இவ்வரிசையை வகுக்கவே முடியாது. கருவியின் குறையே அவருக்குத் திட்டமிடக் கற்பித்தது எனலாம்.

இலண்டன் மாடியும் சென்னை வீடும்

ஆங்கிலநாட்டில் ஜோ மீக் என்பவர் இலண்டன் ஹொலோவே வீதியில் 304ஆம் இலக்கக் கட்டடத்தில், தோற்பொருட்கடை ஒன்றின் மேலிருந்த மாடிவீட்டில் தம் கூடத்தை அமைத்தார். 1962 ஜூலையில் டெல்ஸ்டார் என்னும் செய்மதி விண்ணில் ஏவப்பட்டது. அதன் பெயரையே சூட்டி, டோர்னடோஸ் குழுவினரைக் கொண்டு அவர் பதிந்த சொல்லில்லா இசை அடுத்த மாதமே வெளிவந்தது. ஆண்டு முடிவதற்குள் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அங்கு அவ்விடத்தைப் பெற்ற முதற் பிரித்தானியக் குழு அதுவே. இதில் வியப்பு யாதெனில், ஜோ மீக்குக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. சுரம் எழுதவும் தெரியாது. மனத்தில் தோன்றிய மெட்டை வாயால் முனகி நாடாவில் பதிந்து, வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுரப்படுத்துவித்தார். சொல்லில்லா இசையும் முதலில் வாயில்தான் பிறக்கிறது என்பதை மறவாதிருப்போமாக.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஏ. ஆர். ரஹ்மானை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. இசையமைப்பாளராயிருந்த அவர் தந்தை ஆர். கே. சேகர் 1976இல் காலமானபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தையின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பிற்காலத்தில் சென்னையில் தம் வீட்டோடு சேர்த்து ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தை அவர் அமைத்தபோது, அறை இருந்தது. உள்ளே வைக்கக் கருவி இல்லை. தாயார் தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்ததாகவும், அப்பணத்தைக் கொண்டே முதல் ஒலிப்பதிவுக் கருவியை வாங்கியதாகவும் அவரே கூறியுள்ளார். அவ்வீட்டுக் கூடம் பெற்றெடுத்ததே 1992இல் வெளிவந்த "ரோஜா" படத்தின் இசை. முதற் படத்துக்கே அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1995இல் வெளிவந்த "பம்பாய்" படத்தின் சொல்லில்லா இசையைப் பின்னர் உலகெங்கும் கேட்டனர்.

எல்லாத் தாய்மாரும் நகையைக் கழற்றிக் கொடுக்கவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. நகை திரும்பாத வீடுகளும் உண்டென்பதை அறிவோம். ஆயினும் சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது வெறும் விளையாட்டா, வேலையா என்று அறியாமலே தீர்ப்புக் கூறலாகாது. அதை அறியும் வழி ஒன்றுண்டு, பின்னர்க் கூறுவோம்.

மெட்டு எங்கே கிடைக்கும்?

சொல்லில்லா இசையை இயற்ற முற்படுவோர் முதலில் செய்யும் காரியம், விரலின் வேகத்தைக் காட்டுவது. இது தவறான தொடக்கம். வேகம் ஒரு நிமிடம் வியப்பூட்டும். இரண்டாம் நிமிடம் களைப்பூட்டும். வாசிக்க எண்ணும் மெட்டைக் கிற்றாரைத் தொடாமல் வாயால் பாடிப் பார்க்கவேண்டும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே மெட்டிலும் ஓர் இடைவெளி வேண்டும். பாடகனுக்கு மூச்சு இயற்கையாகவே கட்டுப்பாடு விதிக்கிறது; கிற்றாருக்கு மூச்சு இல்லை. ஆகவே வாசிப்பவனே தன் மூச்சை அதற்குக் கொடுக்கவேண்டும்.

மெட்டுக்கு அயலூரைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. எமக்கு அருகிலுள்ள உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். வலைக்கயிற்றைப் பற்றிநிற்போர் யாவரும் ஒருமித்துப் பதில் கொடுப்பர். அழைப்பு, பதில், அழைப்பு, பதில். கயிறு கனக்கக் கனக்கத் தாளமும் அழுந்துகிறது; வலை கரையை நெருங்க நெருங்க வேகமும் கூடுகிறது. சொல்லை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அங்கே ஒரு கதை எஞ்சுகிறது அன்றோ? தனிக்கிற்றார் அழைக்க, துணைக்கிற்றார்கள் கூட்டமாகப் பதில் கூறும் ஓர் இசையை நம் இளைஞர் இதனை அடியொற்றி அமைக்கலாம். புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் கரண்டியும் போத்தலும் தேங்காய்ச் சிரட்டையும் கொண்டே மாஞ்சா இசைக்குத் தாளம் எழுப்புகின்றனர். வீட்டுச் சாமான் வாத்தியமாவதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

உள்ளூர் மெட்டு ரொக் இசைக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவோர்க்கு டிக் டேலின் வரலாறு விடை கூறும். அவர் லெபனான் வழிவந்த அமெரிக்கர். கிழக்கு மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் பழைய காலந்தொட்டு வழங்கும் "மிஸிர்லூ" என்னும் மெட்டை, தம் உறவினர் ஊத் என்ற அரபு நரம்புக் கருவியில் ஒரே நரம்பில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தார். 1962இல் அதையே மின்கிற்றாரின் ஒற்றைக் கம்பியில் மிக விரைவாக வாசித்துப் பதிந்தார். அலைமேற் சறுக்கி விளையாடும் கலிபோர்னியக் கடற்கரை இளைஞருக்கு அது தம் சொந்த இசையாயிற்று. வீட்டில் கேட்ட பழைய மெட்டே ஊருக்குப் புதிய இசையாக வந்தது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். ஊர்ப் பொதுவான மெட்டை எடுத்தாளும்போது அது எவ்வூரது, யாருடைய உழைப்பில் விளைந்தது என்பதை வெளிப்படையாகக் கூறுதல் முறை. தனியொருவர் இயற்றியதாயின் அவர் அனுமதி வேண்டும். "டெல்ஸ்டார்" இசை தம்முடைய மெட்டைத் தழுவியது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்த ஆண்டுகளெல்லாம் ஜோ மீக்குக்கு வரவேண்டிய பணம் முடங்கிக் கிடந்தது. 1968இல் தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை. அதற்கு முந்திய ஆண்டே மாண்டுபோயிருந்தார். மெட்டு விடயத்தில் தொடக்கத்திலேயே தெளிவாயிருப்பது நலம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

நம் இசையறிவு வீண்போகாது

மேலைநாட்டு இசை நமக்கு முற்றும் அந்நியம் என்று எண்ணுவோர்க்கு இரு செய்திகள் கூறுவோம். ரொக் கிற்றாரில் தனி வாசிப்போர் பெரிதும் கையாளும் ஐந்து சுர வரிசை ஒன்றுண்டு. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்பவையே அவ்வைந்து. நம் மாணவர்கள் இதைச் சுத்த தன்யாசி என்று அறிவர். கம்பியை விரலால் வளைத்துச் சுரத்தை ஏற்றும் வழக்கமும் அங்குண்டு. வீணையில் நரம்பை இழுத்துக் கமகம் காட்டுவதற்கு அது உறவே. சுரங்கள் ஒன்றாயினும் இராகம் ஒன்றாகிவிடாது. நடையும் பிடிப்பும் வேறு. ஆயினும் நம் சங்கீதம் பயின்ற பிள்ளைக்கு இவ்வாசல் பூட்டிய வாசல் அன்று.

இரண்டாவது செய்தி, அம்பிளிபயரின் கரகரத்த ஒலியைப்பற்றியது. அக்கரகரப்பில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் யாவும் குழம்பிப்போகும். ஆதலால் ரொக் வாத்தியக்காரர் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டுமே சேர்த்து ஒலிக்கின்றனர். காரணம் இதுவே: இவ்விரண்டின் அதிர்வெண்களும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் உள்ளன. கரகரப்பு அவற்றின் வேறுபாட்டையும் ஓர் ஒலியாக எழுப்பும். அவ்வேறுபாடோ ஒன்று, அதாவது ஷட்ஜத்தின் கீழ்ஸ்தாயி. ஆகவே பகையின்றி ஒலி பெருக்கிறது. நம் தம்புராவும் ஷட்ஜ பஞ்சமத்தையே மீட்டுகிறது என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. இடியென முழங்கும் கிற்றாருக்கும் அமைதியாக இழையும் தம்புராவுக்கும் அடித்தளம் ஒன்றே.

அறைக்குள் செய்யவேண்டியவை

இனிப் பதிவு முறையை நோக்குவோம். கிற்றாரின் மின்னலையைக் கணினிக்கு ஏற்ற எண்களாக மாற்றித் தரும் சிறு பெட்டியை இன்டர்பேஸ் என்பர். அது ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து குறித்துக்கொள்கிறது. மனிதச் செவி கேட்கவல்ல உச்ச அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 20,000. எந்த அலையையும் பிசகின்றிக் குறிக்க அதன் இருமடங்குக்குச் சற்று மேலாக அளக்கவேண்டும் என்பது கணக்கு. இறுவட்டுகளுக்கென வகுக்கப்பட்ட அளவு இன்றும் வழக்கிலிருக்கிறது.

கம்பியைத் தட்டியதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டாகும். அது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்காயின் அஞ்சவேண்டியதில்லை. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கிறது. ஆகவே அத்தாமதம் அம்பிளிபயரிலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி நின்று வாசிப்பதற்கே சமம். அதனினும் பன்மடங்கு மிகுந்தால் தாளம் தடுமாறும். கணினியின் அமைப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தாளத்தை முதலில் பதியவேண்டும். அதன்மேல் தாழ்சுரக் கிற்றார், பின்னர்த் துணைக்கிற்றார், இறுதியில் தனிக்கிற்றார். துணைக்கிற்றாரை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒலிக்கச் செய்வது வழக்கம். இங்கே சோம்பேறிகள் ஒரு குறுக்குவழியை நாடுவர். ஒருமுறை வாசித்ததையே பிரதி செய்து மறுபக்கத்தில் வைத்துவிடுவர். என்ன விளையும்? ஒலி உரக்கும், ஆனால் அகலாது. இரு செவிக்கும் ஒன்றே கேட்பதால் யாவும் நடுவிலேயே நிற்கும். உண்மையாகவே இரண்டாம் முறை வாசித்தால், மனிதக் கையில் இயல்பாக உண்டாகும் நுண்ணிய வேறுபாடுகளால் இசை அறையளவு விரியும். இயந்திரம் எல்லாவற்றையும் தரவல்லது; இரண்டாம் முறை உழைத்ததன் பயனை மட்டும் அதனால் தர இயலாது.

கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வு கொள்ளும். தாழ்சுரக் கிற்றாரின் அடிக்கம்பி 41. ஆகவே கிற்றார்ப் பதிவில் 80க்குக் கீழுள்ள முழக்கத்தை நீக்கிவிடின் தாழ்சுரக் கிற்றாருக்கும் முரசுக்கும் இடம் கிடைக்கும். கூட்டுக் குடும்பம் போன்றே இசையிலும் ஒவ்வொருவரும் சற்று விலகி இடந்தந்தால்தான் யாவர் குரலும் கேட்கும்.

கடற்கரைப் பக்கத்தில் வாழ்வோர்க்குச் சில தனிக்கவலைகள் உண்டு. உப்புக்காற்று உருக்குக் கம்பியை அரித்துவிடும். வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து, கிற்றாரை உறையிலிட்டு வைத்தல் வேண்டும். ஒலிவாங்கியால் பதிவோர் தகரக் கூரையில் மழை விழும் நேரத்தையும் காகம் கரையும் நேரத்தையும் தவிர்ப்பர். மெத்தையும் கம்பளியும் துணி நிறைந்த அலுமாரியும் எதிரொலியை விழுங்கும் நல்ல நண்பர்கள். எதிரொலியே வேண்டுமாயின், 1958ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் டுவேன் எடி என்னும் கிற்றார்க்காரரின் பதிவுகளுக்குச் செய்ததை நினைக்கலாம். வெற்று நீர்த்தாங்கி ஒன்றினுள் ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியையும் வைத்து அந்த முழக்கத்தைப் பிடித்தனர். நம்மூரில் நீர்த்தாங்கிக்குப் பஞ்சமில்லை. செய்த வேலையை அடிக்கடி சேமித்து வைத்தலும் அவசியம். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுமோ?

முடிப்பதே வித்தை

எமது மாணவர் ஒருவர் ஒருநாள் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து, "சேர், கிற்றாரில் முப்பதுக்கு மேல் தொடங்கி வைத்திருக்கிறேன். ஒன்றாவது முடியவில்லை" என்றார். அவரிடம் திறமை குறைவன்று. கேட்ட அளவில் நல்ல கை. குறை வேறிடத்தில் இருந்தது. கணினியில் எந்தப் பிழையையும் ஒரு விசையை அழுத்தி இல்லாததாக்கிவிடலாம். எந்தச் சுரத்தையும் நாளை மாற்றலாம். எந்த அடுக்கையும் மறுநாள் நீக்கலாம். எல்லாவற்றையும் பின்னர் மாற்றலாம் என்றிருக்கும்போது எதையும் இன்று தீர்மானிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. லெஸ் பாலுக்கு மன்னிக்காத இயந்திரம் வாய்த்தது. நம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் மன்னிக்கும் இயந்திரம் வாய்த்திருக்கிறது. மன்னிக்காத ஆசிரியரிடம் பயின்றவர் எட்டுக் கிற்றாரையும் வாசித்து முடித்தார். அளவின்றி மன்னிக்கும் ஆசிரியரிடம் பயில்வோர் தம்மைத் தாமே கண்டிக்கக் கற்றாலன்றிக் கரையேறார்.

ஆகவே அம்மாணவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். முப்பதிலும் வாயால் பாட வருவது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை நிமிடத்துக்கு மேற்படாது என்று எல்லை வையுங்கள். தொடக்கம், விரிவு, உச்சம், முடிவு என நான்காகத் தாளில் எழுதுங்கள். அடுக்கு ஆறுக்கு மேற்போகலாகாது என்று தீர்மானியுங்கள். ஒரு பகுதியை ஐந்து முறைக்கு மேல் பதியாதீர்கள். ஐந்தில் நல்லதைத் தெரிந்து மற்ற நான்கையும் அன்றே அழித்துவிடுங்கள். அழிக்கும்போது மனம் வருந்தும். அவ்வருத்தமே தீர்மானத்தின் விலை. பின்னர் ஒரு வாரம் அதைக் கேளாதிருங்கள். எட்டாம் நாள் கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேளுங்கள். அங்கும் மெட்டு விளங்கினால் வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள்.

முடிந்ததற்கு அடையாளம் யாது? பிறர் கேட்பதுதான். கதவைத் திறந்து, அடுப்படியில் நிற்கும் அம்மாவை அழைத்து, "இதைக் கேளுங்கள்" என்று தருவதற்கு ஒன்று இருக்குமாயின், அறைக்குள் நடந்தது வேலையே, விளையாட்டன்று. தருவதற்கு ஒன்றுமின்றி ஆண்டுகள் கழியுமாயின் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பயனற்றது. முன்னர்க் கூறுவோம் என்ற வழி இதுவே. பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி "என்ன செய்கிறாய்?" என்பதன்று, "எப்போது கேட்கத் தருவாய்?" என்பதே. அக்கேள்வியில் கண்டிப்பும் உண்டு, வரவேற்பும் உண்டு. பரீட்சை நெருங்கும் மாதங்களில் கிற்றாரை உறையிலிட்டு வைக்குமாறு கூறப் பெற்றோர்க்கு உரிமை உண்டு. ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் அவ்வுறையைத் திறக்கவிடும் கடமையும் அவர்களுக்கே உண்டு.

கேட்கும் வீட்டாரும் ஒரு காரியம் செய்யவேண்டும். "இதில் பாட்டு எங்கே?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். மூன்றரை நிமிடம் பேசாதிருந்து கேளுங்கள். கேட்டபின் மெட்டை முனகிப் பாருங்கள். உங்கள் வாயில் அது வந்துவிடின், சொல் இல்லாத அவ்விசை உங்கள் வீட்டில் குடியேறிவிட்டது என்று அறிக. வராவிடின் அதையும் அன்போடு சொல்லிவிடுங்கள். பிள்ளை மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவதை முடிப்பான்.